தலையைப் பிடித்தால் விசில்

எண்பத்தெட்டாவது நிமிடத்தில் எங்கள் அலமாரி விழுந்தான்.

அலமாரி எங்கள் அணியின் நடுத் தடுப்பாட்டக்காரன். ஆறடி நாலு அங்குலம், கதவகலத் தோள். பேர் வைத்தவனைக் குற்றம் சொல்ல முடியாது. அது அரையிறுதி ஆட்டம். ஒன்றுக்குப் பூஜ்யம் என்று நாங்கள் முன்னால் இருந்தோம். எங்களுக்குக் கிடைத்த கார்னர் கிக்குக்காக அலமாரி உட்பட எல்லோரும் எதிர்ப்பக்கம் ஏறிப் போயிருந்தார்கள். அடித்த பந்தை எதிரணி பறித்துவிட்டது. அவர்களுடைய வேகக்காரன் ஒருவன் காலில் பந்து. அவனுக்கு முன்னால் பாதி மைதானமும் எங்கள் கோல்கீப்பரும் மட்டும்தான்.

அந்த நேரம் பார்த்து, பக்கத்தில் ஓடியவனின் தோள் லேசாக உரச, அலமாரி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு சரிந்தான்.

விசில் கேட்டது.

இரண்டு விநாடி கழித்துப் பந்து எங்கள் வலைக்குள் போனது. பிரயோஜனமில்லை. விசிலுக்குப் பிறகு விழும் கோல் கோலே இல்லை. வீடியோ அறையில் இருபது திரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களாலும் ஊதிய விசிலைத் திரும்ப வாங்க முடியாது.

மருத்துவர் பெட்டியோடு ஓடினார். அலமாரி கோட்டுக்கு வெளியே வந்து தண்ணீர் குடித்தான், கழுத்தை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டான், மறுபடி உள்ளே போனான். நாங்கள் ஜெயித்தோம்.

பெஞ்சில் எல்லோரும் குதித்தார்கள். கோச் நேராக என்னிடம் வந்து முதுகில் ஒரு அறை அறைந்தார்.

"கொடி சார்! பிரேக் எப்படிப் பிடிச்சது பாத்தீங்களா!"

நான் மைதானத்தின் நடுவே பார்க்கவில்லை. அங்கே எதிரணி ஆட்கள் சூழ்ந்துகொண்டு கத்த, கையைப் பின்னால் கட்டியபடி நின்ற நடுவர் என் அண்ணன். கூடப் பிறக்கவில்லை, கூட ஓடியவர். பன்னிரண்டு வருடம் அவர் நடுவில் விசிலோடு ஓட, நான் கோட்டோரம் கொடியோடு ஓடினேன். அதனால்தான் எனக்குக் கொடி என்று பேர். மாமியார் வீட்டில்கூட 'கொடி மாப்பிள்ளை வந்தாச்சு' என்றுதான் சொல்வார்கள்.

போன வருடம் முழங்கால் மக்கர் செய்ய, கொடியைக் கீழே வைத்தேன். நாலு மாதத்துக்கு முன் இந்தக் கிளப் என்னைக் கூப்பிட்டது. வேலை ஒன்றும் பெரிதில்லை. எந்த நடுவரிடம் வாய் கொடுக்கலாம், யாரிடம் கொடுத்தால் மஞ்சள் அட்டை, யார் முதல் பத்து நிமிடம் கண்டுகொள்ளாமல் விடுவார் என்று ஆட்டக்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். எல்லா அணிகளிடமும் இருக்கிற சரக்குதான். அதில் எனக்குக் கூச்சம் இருந்ததில்லை, அந்த வியாழக்கிழமை வரை.

வியாழக்கிழமை, கூட்ட அறையில் கோச் பலகையில் காந்த வில்லைகளை நகர்த்திக் காட்டினார்.

"அவங்க நடுவுல சுவர் கட்டி ஆடறவங்க. அதை உடைக்கணும்னா நம்ம ரெண்டு ஓரத் தடுப்பும் மேல ஏறியே ஆகணும். ஏறினா பின்னாடி வீடு திறந்து கிடக்கும். அவங்க பறிச்சிட்டு ஓடினா என்ன பண்றது?"

"பிடிச்சுக் கீழ தள்ளிடறேன்" என்றான் அலமாரி.

"தள்ளு. ஏற்கெனவே ரெண்டு மஞ்சள் அட்டை கையில வச்சிருக்க. மூணாவது வாங்கிட்டு ஃபைனலை வீட்ல உங்கம்மா மடியில படுத்துக்கிட்டுப் பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். கோச் என் பக்கம் திரும்பினார்.

"கொடி சார், உங்க அண்ணன்தான் ரெஃப்ரி. அவர்கிட்ட ஏதாவது ஓட்டை உண்டா?"

"அவர்கிட்டயா? கிடையாது."

"பன்னெண்டு வருஷம் கூட ஓடியிருக்கீங்க. ஒண்ணுமே இல்லைன்னா உங்களை நாங்க எதுக்கு சார் வச்சிருக்கோம்?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். இருபத்தைந்து பேர் என்னைப் பார்த்தார்கள். நான் பேசும்போதெல்லாம் போனைத் தடவிக்கொண்டிருக்கும் பையன்கள் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் போனைக் கவிழ்த்து வைத்தார்கள். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"தலை" என்றேன். "யாராவது தலையைப் பிடிச்சா அவர் தாங்க மாட்டார். அடுத்த நொடி விசில். பந்து யார்கிட்ட, எங்க போகுது, எதையும் பாக்க மாட்டார். அட்டையும் வராது."

கோச் பலகையில் 'பிரேக்' என்று எழுதி வட்டம் போட்டார். பின் வரிசையில் யாரோ கைதட்டினார்கள். எனக்குக் காது வரை சந்தோஷம். சொல்லவே நாக்குக் கூசுகிறது.

அவர் ஏன் தலை என்றால் தாங்க மாட்டார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

ஜெயித்த பிறகு உடை மாற்றும் அறைக்குள் நான் நுழைந்ததும், அத்தனை பேரும் ஒன்றாகத் தலையைப் பிடித்துக்கொண்டு தரையில் விழுந்தார்கள்.

"ஐயோ தலை! கொடி சார், ஊதச் சொல்லுங்க சார்!"

"சார், நல்லா நடிச்சேனா?" என்று அலமாரி என் தோளில் கை போட்டான். "எங்கம்மா நிஜம்னு நம்பிப் போன்ல ஒரே அழுகை."

நானும் சிரித்தேன். சிரிக்காமல் அந்த அறையிலிருந்து வெளியே வர எனக்கு வழி தெரியவில்லை.

மாலையில் வீட்டுக்கு வந்தால், தொலைக்காட்சியில் கோட்டுப் போட்ட மூன்று பேர் அண்ணனைக் கிழித்துத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்கள். அலமாரி விழுவதை மெதுவாக, இன்னும் மெதுவாக, பின்பக்கமிருந்து, மேலிருந்து என்று காட்டினார்கள். "இவருக்கு விசிலைப் பிடுங்கிட்டுக் கண்ணாடி வாங்கிக் குடுங்கப்பா" என்றார் ஒருவர். கீழே எழுத்து ஓடியது: நாளை மாலை நாலு மணிக்கு நடுவர் கமிட்டி கூடுகிறது, இறுதிப் போட்டியிலிருந்து நடுவர் நீக்கப்படுவாரா?

இறுதிப் போட்டிக்கும் அவர்தான் என்று போன வாரமே அறிவித்திருந்தார்கள். இருபத்திரண்டு வருடத்தில் அவருக்குக் கிடைத்த முதல் இறுதிப் போட்டி. வயது வரம்பு வந்துவிட்டதால் கடைசி ஆட்டமும் அதுதான்.

"என்னங்க, அண்ணனை என்னென்ன பேசறாங்க பாருங்க. ஒரு போன் போடுங்களேன்" என்றாள் மனைவி.

"போடறேன்."

"அவர் ஏன் தலைன்னா உடனே ஊதறார்னு இவனுங்களுக்கு என்ன தெரியும்? அது நம்ம ரெண்டு வீட்டுக்கும்தானே..."

பேச்சு அங்கேயே நின்றது. என்னைப் பார்த்தாள். திரையில் அலமாரி இன்னொரு தடவை விழுந்தான். மறுபடி என்னைப் பார்த்தாள்.

"நீங்களா?"

நான் செருப்பைக் கழற்றுவதுபோல் குனிந்துகொண்டேன். அவள் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, "சாப்பாடு மூடி வச்சிருக்கு" என்று சுவரிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அவளுக்குத் தெரிந்தது பாதிதான். மீதிப் பாதி எங்கள் இருவருக்கு மட்டும் தெரியும்.

ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு மழை ஆட்டம். என் கோட்டோரத்தில் இரண்டு பேர் பந்துக்குத் தாவி மண்டையோடு மண்டை மோதினார்கள். ஒருவன் எழுந்தான். இன்னொருவன், இருபத்தோரு வயதுப் பையன், தலையைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். அண்ணன் தூரத்தில் இருந்தார். காதில் மாட்டியிருந்த கருவியில் அவர் குரல் வந்தது: "என்னடா, அடியா?" அந்தப் பையன் அன்றைக்கு இரண்டு தடவை பொய்யாக விழுந்திருந்தான். எனக்கு எரிச்சல். "நடிக்கிறாண்ணே, ஆட்டம் போகட்டும்" என்றேன். ஆட்டம் ஒரு நிமிடம் பத்து விநாடி போனது. அதற்குள் அவன் அசைவதை நிறுத்தியிருந்தான்.

பிழைத்தான். ஆனால் பிறகு ஆடவில்லை. இடது கண்ணும் போய்விட்டது. விசாரணையில் அண்ணன், "என் முடிவு" என்று இரண்டே வார்த்தை சொன்னார். அப்போதெல்லாம் நாங்கள் காதில் பேசிக்கொள்வதைப் பதிவு செய்யும் வழக்கம் இல்லை. நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்துதான் அவருக்குத் தலை என்றால் விசில்.

மறுநாள் காலை அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணிதான் கதவைத் திறந்தார். கையில் ஒரு சின்னப் பார்சல்.

"வாங்க தம்பி. நேத்து ராத்திரியிலேர்ந்து இது ஆறாவது. பிரிச்சா கண்ணாடி. ஊர்ல எவனெவனோ இவருக்குக் கண்ணாடி அனுப்பறான். ஒண்ணுகூட என் பவருக்குச் சரியா வரலை."

சமையலறையில் அண்ணன் வாளி வெந்நீரில் கால்களை வைத்துக்கொண்டு நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார். முதல் பக்கம் முழுக்க அவர் படம்தான். நான் நின்றுகொண்டே சொன்னேன்.

"அண்ணே, அவனுங்களுக்குச் சொல்லிக் குடுத்தது நான்தான்."

"தெரியும்டா. உக்காரு."

உட்கார்ந்தேன். "எப்போ தெரியும்?"

"அவன் விழறதுக்கு முன்னாடியே. அடிபடறவன் பந்தைப் பாப்பான், இல்ல இடிச்சவனைப் பாப்பான். இவன் நான் எங்க நிக்கறேன்னு பாத்துட்டு விழுந்தான்."

"நடிப்புன்னு தெரிஞ்சே ஏண்ணே ஊதினீங்க?"

அவர் நாளிதழை மடித்து வைத்தார். குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"அன்னிக்கும் நடிப்புன்னு நிச்சயமாத்தானே சொன்ன?"

பின்னால் பாத்திரம் வைக்கும் சத்தம் நின்றது. அண்ணி எப்போது வந்தார் என்று இருவரும் கவனிக்கவில்லை.

"யார் சொன்னது?" என்றார். அண்ணன் வாளியைப் பார்த்தார். அண்ணி என் எதிரே வந்து நின்றார். இத்தனை வருடமாக என்னை 'நீங்க' என்று மட்டுமே பேசியவர்.

"நீயா சொன்ன?"

தலையாட்டினேன்.

"ஒன்பது வருஷமா நான் இவரைக் குத்திக் குத்திக் காட்டியிருக்கேன். ஒரு சண்டை வந்தாப் போதும், 'ஒரு விசில் ஊதியிருந்தா அந்தப் பையனுக்குக் கண்ணு இருந்திருக்கும்'னு இதே அடுப்படியில நின்னு சொல்லியிருக்கேன். ஒரு தடவைகூட இவர் உன் பேரைச் சொல்லலை." அவர் குரல் உடைந்தது. "நீ இங்க வந்து உக்காந்து சாப்பிட்டுட்டுப் போயிருக்க."

அண்ணன், "விடும்மா" என்றார். அண்ணி விடவில்லை. முகத்தை மூடிக்கொண்டு அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு ஆறுதல் சொல்லக்கூட அருகதை இல்லை. எழுந்தேன்.

"கமிட்டியில போய் எல்லாத்தையும் சொல்லிடறேண்ணே."

"நடிக்கச் சொல்லிக் குடுத்தேன்னு சொன்னா யாரும் கண்டுக்க மாட்டாங்க. எல்லா டீமும் சொல்லித்தான் குடுக்குது."

"அதை இல்லண்ணே. அந்த மழை ஆட்டத்தை."

அவர் மடித்து வைத்த நாளிதழை மறுபடி பிரித்தார்.

மூன்றரை மணிக்குக் கமிட்டி அலுவலகத்தில் நின்றேன். நீள மேசை, தண்ணீர் பாட்டில்கள், எதிரே மூன்று பேர். மழை, மோதல், காதில் வந்த கேள்வி, நான் சொன்ன பதில், அதையே பிறகு கிளப்புக்கு விற்றது என்று எதையும் விடாமல் சொன்னேன். ஓரத்தில் இருந்தவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். தலைவர் கேட்டார்:

"நீங்க பேசினதை வேற யாராவது கேட்டாங்களா?"

"இல்ல சார்."

"அப்ப நீங்க சொல்லலைன்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காது?"

"தெரிஞ்சிருக்காது சார்."

"ஒன்பது வருஷம் கழிச்சு எதுக்கு இப்போ?"

"அவருக்கு ஃபைனலைக் குடுங்க சார். அவர் மேல தப்பில்ல."

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதையெல்லாம் பதிவு பண்ணிக்கறோம். உங்க லைசென்ஸ், உங்க கிளப், அதெல்லாம் தனியா விசாரிப்போம். ஃபைனலுக்குக் காலையிலேயே வேற ஆளைப் போட்டாச்சு. நேத்தே வந்திருந்தா யோசிச்சிருப்போம்."

நேற்று நான் தரையில் விழுந்து கிடந்தவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

வெளியே நடைபாதையில் ஒரு மர பெஞ்ச். அண்ணன் தேய்த்த சட்டையில் கைகளை முழங்காலில் வைத்து உட்கார்ந்திருந்தார். நாலு மணிக்கு அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் அவர் முன்னால் நின்றேன்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேண்ணே. ஆனா ஃபைனல்..."

"மத்தியானமே போன்ல சொல்லிட்டாங்க. அதை விடு." அவர் என்னைப் பார்க்காமல் பேசினார். "நாளைக்குப் பேப்பர்ல வந்துடும். அந்தப் பையனுக்கு அதுக்கு முன்னாடி தெரியணும். நீ போய்ச் சொல்லணும்."

"இன்னிக்கேவா?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று எனக்கே உறைத்தது. நான் இரண்டடி நடந்தேன். நின்றேன். திரும்பி வந்தேன்.

"அவன் வீடு எங்கண்ணே இருக்கு?"

அண்ணன் அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, கமிட்டி அவருக்கு அனுப்பிய கடிதத்தின் ஓரத்தைக் கிழித்து, நிதானமாக எழுதி நீட்டினார்.

"மூணாவது மாடி. பெல் அடிக்காது, கதவைத் தட்டு. உள்ள போனா அவனுக்கு வலது பக்கமா உக்காந்து பேசு."

கதவு திறந்து அவரை உள்ளே கூப்பிட்டார்கள். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து போனார். நான் அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு படியிறங்கினேன்.