எவ்வளவு மரியாதை போடட்டும்

கடைத்தெருவில் அவரைச் சல்லடை என்றுதான் சொல்வார்கள். எச்சில் கையால் காக்காய் ஓட்டாத மனிதர். அவருடைய மளிகைக் கடைக்குள் வழி தவறி நுழைந்த எறும்புகள் பட்டினி கிடந்து செத்தன. தப்பிப் பிழைத்த ஒன்றிரண்டு எதிர்க்கடைக்குக் குடிபெயர்ந்து, பேரப்பிள்ளைகளிடம் அந்தக் கொடுமையைச் சொல்லிச் சொல்லி அழுதன.

அப்படிப்பட்டவர் கடையில் தெருவே வரிசை கட்டி நின்றது ஒரே ஒரு சரக்குக்காக. மூச்சிரைப்புக்கு அவர் விற்ற நீலப்பொடி. ஒரு சிட்டிகை நாக்கில் பட்டால் போதும், மாடிப்படி ஏறத் திணறிய கிழவர் மாடியையே தலையில் தூக்கிக்கொண்டு ஓடுவார். எங்கே வாங்குகிறீர்கள் என்று பெண்டாட்டி கேட்டாலும், உனக்கெதற்கு அது என்பதுதான் பதில்.

பொடி வந்தது பின்னறை மூலையில் நின்ற தகர டிரம்முக்குள்ளிருந்து. அந்த டிரம்முக்கு அடி கிடையாது. அடி இருக்க வேண்டிய இடத்தில் வேறோர் உலகம் இருந்தது. அங்கேயும் ஒரு கடைக்காரர். அங்கே மருந்துக்குக்கூட உப்பு கிடையாது. இங்கிருந்து ஒரு மூட்டை உப்பு இறங்கும், அங்கிருந்து ஒரு பொட்டலம் பொடி ஏறும். இருபது வருஷமாக இதுதான் நடந்தது.

வெறும் உப்பை இறக்கச் சல்லடைக்கு மனம் வருமா? வெள்ளை மணலைச் சலித்துச் சலித்து, கால் பங்கு உப்புக்கு முக்கால் பங்கு மணல் கலந்து இறக்கினார். பல்லில் நறநறவென்கிறதே, இது என்னவென்று கீழேயிருந்தவர் பணிவாகக் கேட்டார். அது மரியாதை என்றார் சல்லடை. எங்கள் பக்கம் வேண்டியவர்கள் சாப்பிடும் பண்டத்தில் மணல் கலப்போம், மரியாதை கூடக்கூட மணலும் கூடும் என்று அளந்துவிட்டார். அளந்த பிறகுதான் அவருக்குப் பகீரென்றது. பொடியிலும் மணலைப் போட்டுவிட்டால்? விற்கிற சரக்குக்கு மரியாதை கிடையாது, சாப்பிடுவதற்கு மட்டும்தான் என்று அவசரமாக ஒட்டுப் போட்டார். கீழே இருப்பவர்கள் பொய் என்ற ஒன்றை இன்னும் கண்டுபிடிக்காத ஜனங்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் “விக்கவா, சாப்பிடவா?” என்று கேட்டுவிட்டுத்தான் பொட்டலம் கட்டினார்கள். விற்க என்பார் இவர். சுத்தமான பொடி ஏறி வரும். அதில் வருஷத்துக்கு வருஷம் மாவைக் கூட்டிக் கூட்டிக் கலந்து விற்பார்.

இருபது வருஷம் சலித்த மணல் சும்மா இருக்குமா? தூசியாகப் பறந்து அவர் நெஞ்சுக்குள்ளேயே மூட்டை மூட்டையாக இறங்கிவிட்டது. ஒரு மத்தியானம் பின்னறையில் சுருண்டு விழுந்தார். டிரம்வரை நகர முடியவில்லை. டப்பாவில் மிச்சமிருந்ததை நக்கிப் பார்த்தார். அவர் கைவண்ணம், முக்காலே மூணு வீசம் மாவு.

வேறு வழியில்லாமல் பெண்டாட்டியைக் கூப்பிட்டு, அத்தனை நாள் மறைத்ததையும் ரகசியமாகச் சொன்னார். உயிர் ஊசலாடும்போதும் தன் சாமர்த்தியத்தைச் சொல்ல அவருக்கு இனித்தது. மரியாதைக் கதையைச் சொல்லி, சிரித்து, இருமினார்.

“விக்கன்னு சொல்லு. சாப்பிடன்னா மண்ண அள்ளிப் போட்டுருவானுங்க.”

அவள் நகரவில்லை. “இங்க வித்ததெல்லாம் மாவா?”

“பாதிதான்.”

“என் தங்கச்சி வாராவாரம் வாங்கினாளே. அதுலயுமா?”

போன வருஷம் மூச்சு முட்டிச் செத்தவள் அந்தத் தங்கை.

“அவளுக்குக் கொஞ்சம் கூடவே போட்டேன்,” என்றார் சல்லடை. “சொந்தக்காரங்க வாய் தொறந்து கேக்க மாட்டாங்கல்ல. போ, சீக்கிரம்.”

அவள் கையைத் துடைத்துக்கொண்டு டிரம்முக்குள் குனிந்தாள்.

“கடைக்கார அண்ணே, இருக்கீங்களா?”

“இருக்கேம்மா. விக்கவா, சாப்பிடவா?”

சல்லடை விரலை ஆட்டி ஆட்டி ஜாடை காட்டினார். அவள் அவரை ஒரு முறை நன்றாகப் பார்த்தாள்.

“சாப்பிடத்தான் அண்ணே. எங்க வீட்டுக்காரருக்கு.”

கீழே ஒரே ஆரவாரம். இத்தனை வருஷம் தங்களுக்கு மரியாதை செய்த மகராசனுக்குப் பதில் மரியாதை செய்ய வாய்ப்பே கிடைக்கவில்லையே என்று ஏங்கிக் கிடந்தவர்கள் அல்லவா!

“எவ்வளவு மரியாதை போடட்டும்மா?”

“இந்த வீட்டுல அவருக்கு மேல ஆளே கிடையாது. ஒரு குறையும் வச்சிராதீங்க.”

பொய் என்று கத்த வேண்டும் சல்லடைக்கு. இரண்டெழுத்துத்தான். அதற்கும் மூச்சு வேண்டுமே. வாயைத் திறந்தால் விசில்தான் வந்தது. ஐயா சந்தோஷத்தில் சீட்டியடிக்கிறார் போல என்று கீழேயிருந்தவர் பூரித்துப் போனார்.

பொட்டலம் ஏறி வந்தது. இதுவரை வந்ததிலேயே பெரியது. அவள் பிரித்துக் காட்டினாள். கழுவிக் காயவைத்து, அவரைவிட நைசாகச் சலித்த வெள்ளை மணல். பேருக்கு ஒரு நீலத்துகள்கூட இல்லை.

அவள் அவர் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள்.

“மெதுவா சாப்பிடுங்க,” என்றாள். “நெறைய இருக்கு.”