பஞ்சப்படி

விலைவாசி ஏறினால் கூலியோடு சேர்த்துக் கொடுக்கிற தொகைக்குப் பஞ்சப்படி என்று பெயர். திருப்பூர் பனியன் கம்பெனியில் எவனைக் கேட்டாலும் சொல்வான். டெல்லிக்காரனுக்குத்தான் தெரியாது.

அதைக் கேட்டு எழுபத்து மூன்றில் ஆறுச்சாமியும் இருநூறு பேரும் வேலையை நிறுத்தி இருபத்தைந்து நாளாகியிருந்தது. வீட்டுக்கு வீடு அடுப்பில் பூனை படுத்திருந்தது. தமிழ்ப் பத்திரிகையில் நாலே வரி, மூக்குப்பொடி விளம்பரத்துக்குக் கீழே.

“டெல்லியில படிக்கற பேப்பர்ல வந்தாத்தானுங்க மொதலாளிக்குச் சுருக்குங்கும்” என்று சங்கத்தாரைப் பேசி மடக்கியவன் ஆறுச்சாமி. கோயம்புத்தூர் லாட்ஜில் தங்கியிருந்த இங்கிலீஷ் பத்திரிகை நிருபரை அவனே போய்க் கையோடு அழைத்து வந்தான்.

நிருபருக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க ஒரு பட்டணத்துக்காரர் கூட வந்தார். “எங்களுக்குப் பஞ்சப்படி வேணுமுங்க” என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னான் ஆறுச்சாமி. கூலி வாங்கியே அறியாத அந்தப் புண்ணியவான் பஞ்சத்தைத் தனியாகவும் படியைத் தனியாகவும் பிட்டு இங்கிலீஷில் எடுத்துக் கொடுத்தார்.

நாலாம் நாள் முதல் பக்கத்தில் வந்தது. திருப்பூரில் பஞ்சமாம், ஆளுக்கொரு படி தானியம் கேட்டுப் போராட்டமாம். டெல்லி சபையில் ஒருவர் இந்தியில் கேட்டார், ஒருவர் இங்கிலீஷில் பதில் சொன்னார், ரேடியோ அதைத் தமிழில் வாசித்தது: கோதுமை வருகிறது. தேசமே பேசியது. கூலியைப் பற்றி ஒரு நாய்கூடப் பேசவில்லை.

ஆறுச்சாமி தமிழில் மறுப்பு எழுதிக்கொண்டு லாட்ஜுக்கு ஓடினான். நிருபர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இங்கிலீஷ்” என்று ஒற்றைச் சொல்லோடு திருப்பிக் கொடுத்தார்.

அவன் ஊர் திரும்புவதற்குள் கோதுமை லாரி வந்து, சங்கத்து வாசலில் வரிசையும் நின்றிருந்தது.

“வாங்காதீங்க! வாங்குனா கேட்டது கெடைச்சிருச்சுன்னு எழுதிப்போடுவானுங்க!”

வரிசையிலிருந்து திரும்பியவள் அவன் மனைவி மருதாள். இடுப்பில் குழந்தை, கையில் கோதுமைப் பை.

“புள்ளைக்கு நேத்திருந்து வெறும் நீச்சத்தண்ணிதானுங்க. நீங்க கூட்டியாந்த பேப்பர்காரரு வாங்கிக் குடுத்தது இதானுங்க. இதையுமா வேண்டாங்கறீங்க?”

அவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. குழந்தையையும் பையையும் சேர்த்துச் சுமக்க அவள் திணறுவதைப் பார்க்கப் பொறுக்காமல் பையை வாங்கித் தோளில் வைத்தான். யாரோ போட்டோ எடுத்தார்கள்.

இரண்டு நாள் கழித்துக் கம்பெனி கேட்டில் முதலாளி பேப்பரில் வந்த அந்தப் படத்தை வெட்டி ஒட்டியிருந்தார். கீழே இங்கிலீஷில் இரண்டு வரி. ஆறுச்சாமிக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. படித்துச் சொல்லுங்கள் என்று அவன் யாரையும் கேட்கவில்லை. இருநூறு பேரும் அதைப் பார்த்துக்கொண்டே பழைய கூலிக்கு உள்ளே போனார்கள்.