கே-1 கருவிக்கு முன்பதிவு

பிஎச்.டி. வைவா பதினோரு மணிக்கு. குழந்தை கயலை இடுப்பில் வைத்துக்கொண்டு டீ ரூம் வாசலில் நின்றபடி, கேத்தரின் வருகிறாளா என்று சிந்து மாடிப்படியை எட்டி எட்டிப் பார்த்தாள்.

ஏற்கெனவே ஒருமுறை தள்ளிப்போன வைவா. அப்போது கயலுக்குக் காய்ச்சல். தேர்வுக் குழுத் தலைவர் பேராசிரியர் அசோகன், "இன்னொரு தடவை தள்ளினா பதிவை ரத்து பண்ணித்தான் ஆகணும்மா" என்று, சாயங்காலம் மழை வரும் என்பதுபோலச் சொல்லிவிட்டுப் போனார். கெட்டவர் இல்லை. விதிப்புத்தகத்தைத் தலைக்கு வைத்துத் தூங்குகிற ஜாதி, அவ்வளவுதான்.

அந்த ஆராய்ச்சி நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் உண்டு. ஊழியர் குழந்தைகளுக்கு மட்டும். பிஎச்.டி. படிக்கிறவர்களுக்கும் குழந்தை பிறக்கும் என்று விதி எழுதினவர்களுக்குத் தோன்றவில்லை. சிந்துவின் கணவன் ரகுவுக்கு ஓசூர் தொழிற்சாலையில் வேலை. இன்று ஆடிட். லீவு என்ற வார்த்தையை உச்சரித்தாலே மேனேஜர் முறைப்பாராம்.

அதனால் சிந்துவும் கேத்தரினும் தாங்களே ஒரு ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். கேத்தரின் உள்ளூர் ஆஸ்டின் டவுன்காரி, அதே லேப். அவளிடம் பூந்தி என்று ஒரு கிழட்டு நாய். சர்க்கரை வியாதி, வேளைக்கு ஊசி போட வேண்டும். கயலை ஒருத்தர் பார்த்தால் பூந்தியை இன்னொருத்தர் பார்க்க வேண்டும். யாருக்கு எப்போது ஓய்வு என்று வாட்ஸப்பில் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன ஒரு நாள், கேத்தரின் கயலையும் பூந்தியையும் துறையின் கருவி முன்பதிவு போர்ட்டலில் ஏற்றிவிட்டாள். மைக்ராஸ்கோப்புக்குக் கீழே, அதே மரியாதையோடு: "கே-1. இடம்: டீ ரூம். இயங்கு வெப்பநிலை 37 டிகிரி. சீரான இடைவெளியில் ஃபீட் தேவை. குலுக்கல் தானியங்கி. வெளியீடு: திரவம், திடம்." அதற்கும் கீழே "பி-1. நடமாடும் வகை. கயிறு உடன் வழங்கப்படும்."

துறையே விழுந்து விழுந்து சிரித்தது. அப்புறம் ஆளாளுக்கு ஸ்லாட் எடுக்கவும் ஆரம்பித்தது.

இன்றைய ஸ்லாட் கேத்தரினுடையது. ஆளைத்தான் காணோம். சிந்து போன் போட்டாள்.

"எங்கடி இருக்க?"

"அல்சூர்ல, நாய் டாக்டர்கிட்ட. பூந்திக்கு ரத்தம் எடுக்கறாங்க. ஏன்?"

"என்ன ஏன்? பதினொண்ணுக்கு எனக்கு வைவா!"

"தெரியும். ரகு வராருல்ல? என் ஸ்லாட் கேன்சல்னு நேத்தே மெயில் வந்துச்சே. நீதான் தூக்கிட்டேன்னு நினைச்சேன்."

"நான் எதுக்குடி தூக்கறேன்?"

அதற்குள் மாடிப்படியில் ஒல்லியாக ஒரு பையன் ஏறி வந்தான். கையில் ஐஸ் பெட்டி. மூக்கில் வியர்வை.

"மேடம், நான் ஹரிஷ், கெமிக்கல் இன்ஜினியரிங். கே-ஒன் எங்க இருக்கு? பதினொண்ணுல இருந்து என் ஸ்லாட்."

சிந்துவுக்குப் புரிந்துவிட்டது. போன வாரம்தான் போர்ட்டலை எல்லாத் துறைக்கும் திறந்துவிட்டிருந்தார்கள். வெளித்துறைக்காரர் பதிந்தால் உள்துறைக்காரரின் ஸ்லாட் தானாகவே ரத்தாகும். கருவிகளை யாரும் அமுக்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று நல்லெண்ணத்தில் போட்ட விதி.

அவள் குழந்தையைக் காட்டினாள். "இதான் கே-ஒன்."

அவன் குழந்தைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். அங்கே சுவர்தான் இருந்தது. "இல்ல மேடம், பயோரியாக்டர். முப்பத்தேழு டிகிரி, ஃபீட் எல்லாம் போட்டிருந்ததே. ஈஸ்ட் வளர்க்கணும்."

"தொட்டுப் பாரு. முப்பத்தேழுதான்."

கயல் அவன் கண்ணாடியைப் பிடித்து இழுத்தாள். ஹரிஷ் காது வரை சிவந்துபோனான். "சாரி மேடம், இப்பவே கேன்சல் பண்ணிடறேன்." போனை எடுத்தவன் அப்படியே நின்றான். "ஐயோ! கடைசி நேரத்துல கேன்சல் பண்ணா எங்க லேப் மொத்தத்தையும் ஒரு மாசம் பிளாக் பண்ணிடுவாங்க. எங்க சார் என்னை உரிச்சு உப்புத் தடவிடுவார்."

"அப்ப யூஸ் பண்ணு."

"எதை?"

"குழந்தை பார்த்திருக்கியா?"

"ஈஸ்ட் பார்த்திருக்கேன்."

போனில் கேத்தரின் கத்தினாள். "யாரு, கெமிக்கல் ஹரிஷா? மெஸ்ல முட்டையை உரிக்கத் தெரியாம உருட்டிக்கிட்டு இருக்குமே, அதுவா? நல்ல பையன்டி. ஒரு ஈயைக்கூட அடிக்காது. குடுத்துட்டுப் போ. நான் ஆட்டோ பிடிச்சு வரேன்."

வேறு வழி இல்லை. பாட்டில், டயபர், கிலுகிலுப்பை எல்லாவற்றையும் அவன் கையில் திணித்து, ஐஸ் பெட்டியைப் பிடுங்கி ஃபிரிட்ஜில் தள்ளிவிட்டு சிந்து பக்கத்து அறைக்கு ஓடினாள்.

போக்குவரத்துச் சத்தத்துக்கு நடுவில் ஏரித் தவளைகள் எப்படிக் கூப்பிடுகின்றன என்பது அவள் ஆராய்ச்சி. முதல் படம் திரையில் வரும்போது சுவருக்கு அந்தப் பக்கம் கயல் சிரித்தாள். மூன்றாவது படத்தில் அழுதாள். சிந்துவின் வாய் தவளையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, இரண்டு காதும் டீ ரூமில் இருந்தன. அப்புறம் ஒரு நடுங்கும் ஆண்குரல் தாலாட்டு ராகத்தில் கிளம்பியது. "ஹைட்ரஜன்… ஹீலியம்… லித்தியம்…" ஆர்கானுக்கு வரும்போது அழுகை நின்றது.

அசோகன் சுவரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "வண்டிச் சத்தத்தாலதான் தவளை சுருதியை ஏத்துதுன்னு சொல்றே. வெப்பத்தால ஏன் இருக்கக் கூடாது?"

இந்த மாதிரிக் கேள்வியில்தான் அவர் ஆளைக் கவிழ்ப்பார் என்று எல்லோரும் பயமுறுத்தியிருந்தார்கள். சிந்துவுக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு காதும் திரும்பி வந்துவிட்டன.

"பந்த் அன்னைக்குப் போய் அளந்தேன் சார். முந்தின நாள் இருந்த அதே வெப்பம், அதே ஈரம். ரோட்டுல ஒரு வண்டி இல்ல. சுருதி இறங்கிடுச்சு. மறுநாள் பஸ் ஓட ஆரம்பிச்சதும் ஏறிடுச்சு."

"பந்த்ல நீ எப்படிப் போனே?"

"நடந்துதான் சார். குழந்தையை முதுகுல கட்டிக்கிட்டு."

அசோகன் பேனாவை மூடினார். "வெளியில இரும்மா."

டீ ரூமில் கயல் ஹரிஷின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவன் அசைந்தால் வெடித்துவிடும் என்பதுபோல நின்றிருந்தான். கேத்தரின் வந்து சேர்ந்திருந்தாள். பூந்தி அவன் செருப்பின் மேல் தலை வைத்துப் படுத்திருந்தது.

கதவைத் திறந்தது அசோகன்.

"பாஸ். நல்லா பண்ணியிருக்கே."

சிந்து மேஜையைப் பிடித்துக்கொண்டாள். கத்தவும் முடியாது, குழந்தை தூங்குகிறது. கேத்தரினைக் கிள்ளினாள். கேத்தரின் சத்தமில்லாமல் துள்ளினாள்.

அசோகன் நகரவில்லை. "இந்த ரூம்லதான் கே-ஒன்னு ஒரு கருவி இருக்கணும். போன மாசம் நம்ம துறையில அதிகமா பயன்பட்ட கருவி அதுதான். பாராட்டுக் கடிதத்துல நானே கையெழுத்துப் போட்டேன். எங்க அது?"

கேத்தரின் ஹரிஷின் தோளைக் காட்டினாள். "தூங்குது சார்."

அவர் குழந்தையைப் பார்த்தார். நாயைப் பார்த்தார். தரையில் கிடந்த கயிற்றைப் பார்த்து, "அப்ப பி-ஒன் இதா?" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள், ஹரிஷைத் தவிர. அவனுக்குக் கழுத்தை அசைக்கப் பயம்.

அசோகன் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அடுத்த மாசம் தார்வாட்ல ஒரு கருத்தரங்கு. வீட்டுல பூனை இருக்கு. வீட்டம்மா போனப்புறம் நானும் அதுவும்தான். பூனை ஹாஸ்டல்ல விட்டா சாப்பிடாது. அதனால மூணு வருஷமா எந்த வெளியூர் கருத்தரங்குக்கும் நான் போகல." அவருக்கு வேர்த்தது. "பூனையையும் பதியலாமா?"

சிந்து ஒரு கணம் யோசித்தாள். பாஸ் ஆகிவிட்டது, இனி என்ன பயம்.

"பதியலாம் சார். ஆனா இங்க யாரா இருந்தாலும் முதல்ல கே-ஒன்ல ட்ரெய்னிங் எடுக்கணும். அதுதான் விதி."

விதி என்றதும் மனிதர் நிமிர்ந்தார். அந்த நேரம் பார்த்து கயல் கண் விழித்தாள். ஹரிஷின் முகம் மாறியது. மூக்கைச் சுளித்தான்.

அசோகன் வாட்சைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு சட்டைக் கையை மடித்தார். "டயபர்ல முன்பக்கம் எது?" என்றார்.