வரி நிற்கும் இடம்

கல்லூரி மூன்றாம் ஆண்டிலேயே அமராவதிக்குக் கண் மங்கத் தொடங்கிவிட்டது. இருபத்தைந்தில் வெளிச்சமும் நிழலும்தான் மிச்சம். இனி மருந்தில்லை என்று மதுரை ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிய அன்று, அரிமளம் திரும்பும் பஸ்ஸில் அவள் அழவில்லை. கம்ப்யூட்டரைக் காதால் ஓட்டுவது எப்படி என்று அண்ணியிடம் பேசிக்கொண்டே வந்தாள். அழுதது அண்ணி சுகுணாதான்.

திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருளோடு பழக ஒரு வருடம் ஆயிற்று. அப்புறம் சென்னைக் கம்பெனி ஒன்று, வீட்டிலிருந்தே செய்யும் வேலைக்கு அவளை மூன்று மாதச் சோதனையில் எடுத்தது. பள்ளிக்கூடப் பஸ்களுக்கான புரோகிராம் எழுதுகிற வேலை. குழுத் தலைவர் அருள்தாஸ் முதல் நாளே போனில் சொல்லிவிட்டார்.

"டீம்ல எல்லாரும் ஒரே எடிட்டர்தான் அமராவதி. நீங்களும் அதையே போட்டுக்குங்க."

எடிட்டர் என்பது புரோகிராம் எழுதுவதற்கான இடம். கண்ணுள்ளவர்களுக்கு அது நன்றாகத்தான் இருந்தது. அவள் காதுக்கோ, திரையில் குட்டிப் பெட்டி ஏதாவது திறந்தால் போதும், வாசிக்கும் குரல் ஊமையாகிவிடும். அடுத்து வேறொன்றைப் போட்டுப் பார்த்தாள். அது நேர்மாறு, வாயாடி. குழுவினர் புரோகிராம் எழுதிய மொழியில் ஒரு வரி இடது ஓரத்திலிருந்து எவ்வளவு உள்ளே தள்ளி நிற்கிறது என்பதை வைத்துத்தான் அது எதற்குக் கட்டுப்பட்டது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியும். அந்த இடைவெளியை இந்த எடிட்டர் "ஸ்பேஸ், ஸ்பேஸ், ஸ்பேஸ்" என்று ஒவ்வொன்றாக ஒப்பித்தது. பன்னிரண்டு ஸ்பேஸ் கேட்டு முடிப்பதற்குள் முந்தைய வரி மறந்துபோகும்.

மூன்று வாரம் ஓடியது. மற்றவர்கள் ஒரு நாளில் முடிப்பது அவளுக்கு நாலு நாள் இழுத்தது.

"என்னால முடியலன்னு சொல்லிரவா அண்ணி?"

சுகுணா மாவு சலித்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமலே கேட்டாள். "ஒன்னால முடியலையா, அந்தப் பொட்டியால முடியலையா? மொதல்ல அதைச் சொல்லு."

அமராவதிக்குச் சுருக்கென்றது. அன்று மத்தியானமே மூன்றாவது எடிட்டரைத் தேடிப் பிடித்தாள். ஈமாக்ஸ் என்று பெயர். கல்லூரியில், பழசு என்று அவளே ஒதுக்கியது. மவுஸ் தொடாமல் எல்லாவற்றையும் விசைகளாலேயே செய்யலாம். அதைவிட முக்கியம், அதன் குணம் பிடிக்கவில்லையென்றால் நாமே எழுதி மாற்றிக்கொள்ளலாம்.

அருள்தாஸ் தயங்கினார். "வேற எடிட்டர்னா, சிக்கல் வந்தா ஒங்களுக்கு யாரும் ஹெல்ப் பண்ண முடியாதே?"

"மத்ததுக்கெல்லாம் கேக்குறேன் சார். இந்த ஒண்ணுல மட்டும் என் இஷ்டத்துக்கு விடுங்க."

"சரி, மாசக் கடைசி வரைக்கும் பாப்போம்."

அடைப்புக்குறிகளாலேயே ஆன ஈமாக்ஸின் மொழியைக் கற்கப் பத்து நாள் பிடித்தது. முதலில், வரி எத்தனை படி உள்ளே நிற்கிறது என்று எண் சொல்ல வைத்தாள். எண்ணும் வரியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பின. பிறகு எண்ணை எடுத்துவிட்டு ஸ்வரம் வைத்தாள். ஓரத்து வரிக்கு ச, ஒரு படி உள்ளே போனால் ரி, இரண்டு படிக்கு க. வரிக்கு முன்னால் சின்னதாக ஒரு நாதம், அவ்வளவுதான்.

"ஏத்தா, கம்ப்யூட்டரு பாட்டு கிளாஸுக்குப் போகுதா?" என்று அடுப்படியிலிருந்து சுகுணா சிரித்தாள்.

அந்த வாரமே ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து புகார் வந்தது. பஸ் கிளம்பியதும் எல்லாப் பெற்றோருக்கும் போக வேண்டிய செய்தி, பட்டியலில் கடைசியாக இருப்பவருக்கு மட்டும் போனது. குழுவில் இரண்டு பேர் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். அமராவதி அந்தப் பகுதியைத் திறந்து, கீழ்நோக்கும் விசையை ஒவ்வொரு வரியாகத் தட்டிக்கொண்டே போனாள். க, க, க, க. திடீரென்று ரி. விரல் நின்றது. ஒரு வரி மேலே போய் மறுபடி கீழே வந்தாள். மறுபடியும் ரி.

அன்றைய கூட்டத்தில் சொன்னாள். "சார், ஒவ்வொரு பேரா எடுக்குற சுத்துக்குள்ள இருக்க வேண்டிய வரி, வெளிய நிக்குது. செய்தி அனுப்புற வரி. அதான் சுத்து முடிஞ்சப்புறம் கடைசி ஆளுக்கு மட்டும் போகுது."

"அட, ஆமா!" என்றார் அருள்தாஸ். "நானும்தான் பாத்தேன், கண்ணுல படலையே. ஒங்களுக்கு எப்படி?"

"காதுல பட்டுச்சு சார்."

சோதனைக் காலம் முடியுமுன்னே வேலை உறுதியாயிற்று. எந்த எடிட்டர் என்ற பேச்சை அருள்தாஸ் அதன்பின் எடுக்கவே இல்லை. ஸ்வரத்துக்காகத் தான் எழுதியதை யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று அமராவதி தன் போன் நம்பரோடு இணையத்தில் போட்டு வைத்தாள்.

இரண்டு மாதம் கழித்து மீமிசலிலிருந்து ஒரு போன். நாகராசு என்றார். துபாயில் வேலை பார்த்த இடத்தில் நடந்த விபத்தில் பார்வை போய் ஊர் திரும்பியவர், இப்போது புரோகிராம் கற்கிறாராம்.

"ஒங்க ஸ்வரம் நல்லா ஒதவுதும்மா. ஆனா எனக்குக் காதும் கொஞ்சம் மந்தம், மேல போகப் போகக் கேக்கல. கொஞ்சம் கீழ எறக்கித் தர முடியுமா?" என்றவர், குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நாப்பத்திரண்டு வயசுல போயி இதெல்லாம் படிக்கிறனேன்னு சிரிக்காதீங்க."

"சிரிக்கல அண்ணே," என்றாள் அமராவதி. அவள் விரல்கள் அதற்குள் அந்தக் கோப்பைத் திறந்துவிட்டிருந்தன. "போனை வச்சிராதீங்க. ஒவ்வொண்ணா எறக்கி வாசிக்கிறேன், எது சரியா கேக்குதுன்னு சொல்லுங்க."