அர்ஜுனனை ஏன் இறக்கவில்லை?

பாகான் நக்கோடா ஓமார் ஊர்த் திடலில் நான்கு கோல் வாங்கிக்கொண்டு லோரியில் ஏறியபோது நல்லசாமிக்கு அழுகை வந்துவிட்டது. முப்பத்தெட்டு வயது ஆம்பிளை, மூன்று பிள்ளைக்குத் தகப்பன், பந்துக்காக அழுவதாவது என்று கேட்கிறவர்கள் கேட்டுவிட்டுப் போகட்டும். தொடர்ந்து ஐந்தாவது தோல்வி. ஐந்தையும் அவன் கோட்டுக்கு ஓரமாய் நின்று, தொண்டை கிழியக் கத்தி, கண்ணால் பார்த்தவன்.

ஆத்தங்கரைத் தோட்டத்து ஜனங்களுக்கு அப்போது வேறு என்னதான் இருந்தது? மலாயாவில் அவசரகாலம் பிறந்து நாலாவது வருடம். அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த தொழிலாளர் லயங்களைப் பிரித்து ஒரே இடத்தில் நெருக்கிக் கட்டி, சுற்றிலும் முள்கம்பி போட்டிருந்தார்கள். தோட்டத்துத் திடலில் பாதியைப் புது லயங்கள் விழுங்கிவிட்டன. காலையில் பாலுக்கு ரப்பர் மரம் வெட்டப் போகும்போது கேட்டில் மடியை உதறிக் காட்ட வேண்டும். ஒரு பிடி சோறு வெளியே போகக்கூடாது, காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்ட் காட்டுக்காரர்களுக்குப் போய்விடுமாம். சொந்தத் தங்கச்சி சாவுக்குப் போகவும் பாஸ் வாங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு மட்டும் துரை இரண்டு லோரி விட்டார். ஒன்று ஆட்டக்காரர்களுக்கு, ஒன்று பார்க்கப் போகிறவர்களுக்கு. தோட்டங்களுக்கான போட்டியில் கடைசி இடத்தில் முடித்தால் அடுத்த வருடம் அந்த லோரியும் கிடையாது என்று சொல்லியிருந்தார். ஆக, கோல் விழும்போதெல்லாம் வேலிக் கதவு இன்னும் கொஞ்சம் சாத்திக்கொள்வது போல நல்லசாமிக்கு இருந்தது.

இத்தனைக்கும் காரணம் யார் என்பதில் லோரியில் யாருக்கும் சந்தேகம் இல்லை. குழுவின் மேனேஜர் அமலதாஸ்தான். ஆபீசில் கணக்கெழுதும் சின்னக் கிராணி. வெள்ளைக் கால்சட்டை மடிப்புக் கலையாத மனிதர். மாதா கோவில், ஆபீஸ், திடல் என்று மூன்றைத் தவிர வேறு இடத்துக்குப் போகாதவர். நல்லவர்தான், யார் இல்லை என்றது? ஆனால் அர்ஜுனனை உட்கார வைத்துவிட்டு ஜூலியஸை முன்னால் ஆட விடுகிற நல்லவரை என்ன செய்வது? ஜூலியஸ் ஞாயிற்றுக்கிழமை பூசையில் பாடுகிற பையன். பாட்டு நன்றாக வரும். பந்து வராது. அர்ஜுனனோ மாலைப் பயிற்சியில் மீதி இருந்த அரைத் திடலில் மூன்று பேரை ஏமாற்றிக் கோல் அடிப்பான். ஞாயிற்றுக்கிழமை லோரி கிளம்பும்போது மட்டும் அவன் பெயர் இருக்காது.

போன மாதம் சன்னாசி நேருக்கு நேராகவே கேட்டுவிட்டான். சன்னாசி மருந்து அடிக்கும் கும்பலில் வேலை செய்பவன், வாயைக் கட்டி வைக்கத் தெரியாதவன்.

"ஏங்க கிராணியாரே, அர்ஜுனன ஏன் எறக்க மாட்டேங்கிறீங்க?"

"அவனுக்கு முட்டி சரியில்லப்பா."

"நேத்து சாயந்தரம் குதிரையாட்டம் ஓடுனானே!"

"சரியில்லன்னா சரியில்ல" என்று சொல்லிவிட்டு அமலதாஸ் நடையைக் கட்டினார். அர்ஜுனன் பக்கத்திலேயே நின்றான். அவனும் வாயைத் திறக்கவில்லை. கேட்டுக்கொண்டு நின்ற நல்லசாமிக்கு வயிறு எரிந்தது.

இந்த எரிச்சல் ஆறாமல் இருந்த வாரத்தில்தான் தாள்கள் வந்தன.

ஒரு புதன்கிழமை யாரும் வேலைக்குப் போகக்கூடாது, வீட்டை விட்டு இறங்கக்கூடாது என்று உத்தரவு. பட்டாளத்தார் வீடு வீடாக வந்து ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். காட்டுக்காரர்களுக்கு உதவுகிறவர்கள் யார், தோட்டத்துக்குத் தொல்லை யாரால், தெரிந்ததை எழுது என்று தமிழிலேயே அச்சடித்திருந்தது. பெயர் போட வேண்டாம். மறுநாள் பூட்டிய பெட்டியோடு வருவார்கள், அதில் போட்டுவிட வேண்டும். பெரிய பெரிய ஆட்கள் உட்கார்ந்து படிப்பார்களாம்.

லயத்தில் எழுதத் தெரிந்தவர்கள் குறைவு. நல்லசாமி ஆறாவது வரை படித்தவன், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஊருக்குக் கடிதம் போட வேண்டுமென்றால் அவனிடம்தான் வருவார்கள். அன்றைக்கும் பின்கதவு வழியாக ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லோர் முகத்திலும் ஒரே பயம். வெற்றுத் தாளைப் போட்டால் எதையோ மறைக்கிறோம் என்பான் பட்டாளத்தான். தெரிந்ததை எழுதினால் காட்டுக்காரன் வந்து கழுத்தை அறுப்பான். எழுதாமலும் இருக்க முடியாது, எழுதவும் முடியாது.

வழி கண்டுபிடித்தவன் சன்னாசி.

"தோட்டத்துக்குத் தொல்ல யாராலன்னுதானே கேக்கிறான்? அமலதாஸ எழுதுண்ணே. டீம கெடுக்கிறாரு, மாத்தணும்னு எழுது. யாருக்கும் பொல்லாப்பு இல்ல லா."

நல்லசாமிக்குப் பிடித்துப்போயிற்று. உலகத்திலேயே ஆபத்தில்லாத புகார் அது. துரைக்கு எழுதலாம் என்றால் துரையின் கடிதங்களைப் பிரிப்பவரே அமலதாஸ். இது அவருக்கும் மேலே உள்ளவர்களுக்கு நேராகப் போகிற தாள். அன்று பொழுதுக்குள் இருபத்தாறு வீட்டுக்கு எழுதினான். எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் நன்றாக இராது என்று கையெழுத்தைச் சாய்த்தும் நிமிர்த்தியும் மாற்றினான், விஷயத்தையும் மாற்றினான். ஒன்றில் ஆள் தேர்வு சரியில்லை என்றான். ஒன்றில் யார் பேச்சும் கேட்பதில்லை என்றான். நாலைந்தில் கொஞ்சம் காரம் சேர்த்தான்: ஆட்டக்காரர்களுக்கென்று கேட்டில் விசேஷ அனுமதியோடு வெளியே கொண்டுபோகும் பால் டின்களில் பாதிக்குக் கணக்கில்லை, அவை எங்கே போகின்றன என்று சர்க்கார் விசாரிக்க வேண்டும். அது பொய் என்று அவனுக்குத் தெரியும். லோரி பக்கத்து அசாம் ஜாவா ஊரைத் தாண்டுவதற்குள் பையன்களே குடித்துத் தீர்த்துவிடுவார்கள். ஆனால் காரம் இல்லாத புகாரை எந்த ஆபீசில் மதித்தார்கள்?

பத்தாம் நாள் ஜீப் வந்தது. அமலதாஸ் ஆபீஸ் மேசையிலிருந்து எழுந்து, பேனாவை மூடி வைத்துவிட்டுப் போய் ஏறிக்கொண்டார். ரப்பர் பால் நிறுக்க வரிசையில் நின்ற எல்லோரும் பார்த்தார்கள். நல்லசாமி வரிசையை விட்டு விலகி, வாளியைக் கீழே வைத்தான்.

"ரெண்டு நாள்ல விட்டுருவாங்க" என்றான் சன்னாசி.

விடவில்லை. விசாரணை இல்லாமலே தடுப்பு முகாமில் வைத்திருப்பதாகச் செய்தி வந்தது. சிலரைக் கப்பலேற்றி இந்தியாவுக்கே அனுப்பிவிடுகிறார்கள் என்றும் பேசிக்கொண்டார்கள். அமலதாஸ் கிள்ளானில் பிறந்தவர். இந்தியாவில் அவருக்கு யாரைத் தெரியும்?

தோட்டத்து ஆஸ்பத்திரி மருந்துக்காரரைத் துரை மேனேஜராகப் போட்டார். அவருக்குப் பந்து சதுரமா வட்டமா என்றுகூடத் தெரியாது. ஜனங்கள் சொன்ன பெயரை எழுதிக்கொண்டார். அர்ஜுனன் இறங்கினான். முதல் ஞாயிறு மூன்று கோல். அடுத்த ஞாயிறு இரண்டு. லோரி திரும்பும்போது தகரத்தைத் தட்டிப் பாடினார்கள். நல்லசாமியும் தட்டினான். தட்டிய கை அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

போய்ச் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை கிளம்பினான். ஒவ்வொரு தடவையும் சன்னாசி மறித்தான்.

"ஒன்ன மட்டுமா புடிப்பான்? இருபத்தாறு வூடும் உள்ள போகணும். இன்னும் மூணு ஆட்டந்தான் இருக்கு. முடியட்டும்ணே."

அதையும் கேட்டானே, அதுதான் கொடுமை. ஒரு மனிதர் கம்பிக்குள் கிடக்க, பட்டியலில் எத்தனையாவது இடம் என்று கணக்குப் பார்த்துக்கொண்டு ஐந்து வாரம் ஓட்டினான்.

ஆறாவது வாரம் புதுக் கிராணி வருகிறார், வீட்டைக் காலி செய் என்று அமலதாஸின் மனைவி லில்லியனுக்கு உத்தரவு வந்தது. நல்லசாமி வேலை முடிந்து வரும்போது அந்த அம்மாள் சாமி படங்களைப் பழைய சேலையில் சுற்றிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்து, "டீம் ஜெயிக்குதாமே, அவரு கேட்டா சந்தோசப்படுவாரு" என்றாள். அவள் குத்திப் பேசவில்லை. மனதாரத்தான் சொன்னாள்.

மறுநாள் வேலை மேற்பார்க்கும் மண்டோரிடம் காய்ச்சல் என்று பாஸ் வாங்கிக்கொண்டு கோலசிலாங்கூர் போலீஸுக்குப் போனான். தமிழ் தெரிந்த இன்ஸ்பெக்டர் ஒருவர் உட்காரச் சொன்னார். நல்லசாமி நின்றுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினான்.

"இருபத்தாறும் நானே எழுதுனதுங்கய்யா. மத்தவங்களுக்கு எழுதத் தெரியாது. என்னப் புடிச்சுக்குங்க."

"பால் டின்னு?"

"பொய்ங்கய்யா. பசங்களே குடிச்சிருவானுங்க. இதெல்லாம் பந்து விசயந்தாங்கய்யா, வேற ஒண்ணும் கெடையாது."

இன்ஸ்பெக்டர் நம்பாமல் பார்த்தார். "பந்துக்காகவா ஒரு மனுசன இப்படி எழுதுவ?"

"கோல் அடிக்கிறவன உக்கார வெச்சாருங்கய்யா. அஞ்சு ஆட்டம் தோத்தோம். அர்ஜுனன் எறங்குன பொறவு ஒண்ணுகூடத் தோக்கல."

"அவ்வளவு நல்லா ஆடுவானா?"

ஆறு வாரமாக யாரிடமும் மனம் விட்டுப் பேசாத நல்லசாமிக்கு அந்தக் கேள்வி நெஞ்சைத் திறந்துவிட்டது. தான் சொல்வது பொய்யில்லை என்று எப்படியாவது நிரூபித்துவிட வேண்டும் என்ற அவசரம் வேறு.

"சந்தேகம்னா கலும்பாங்ல கேட்டுப் பாருங்கய்யா. இங்க வர்றதுக்கு முன்ன அந்தப் பக்கந்தான் ஆடிக்கிட்டு இருந்தான். எங்கிட்ட அவனே ஒருக்கா வாய் தவறிச் சொன்னது. அங்க அர்ஜுனன்னா சின்னப் புள்ளைக்கும் தெரியுமாம்."

இன்ஸ்பெக்டர் பென்சிலை எடுத்தார். அர்ஜுனன் எந்த லயம், எத்தனை வருடமாக இந்தத் தோட்டத்தில் இருக்கிறான் என்று கேட்டார். நல்லசாமி சொன்னான். அவர் நிதானமாக எழுதிக்கொண்டு, "நீ வந்தது நல்லதாப் போச்சு, போ" என்றார். தன்னைப் பிடிக்கவில்லையே என்று நல்லசாமிக்கு ஆச்சரியம். பஸ்ஸில் வரும்போது, பல நாளைக்குப் பிறகு, மூச்சு ஒழுங்காக வந்தது.

கேட்டைத் தாண்டியதும் நேராக லில்லியன் வீட்டுக்குப் போனான். வாசற்படியில் நின்றபடியே, "அம்மா, ஒங்க வீட்டுக்காரர மாட்டிவிட்டது நாந்தான்" என்று ஆரம்பித்து, போலீஸுக்குப் போய் வந்தது வரை சொன்னான். லில்லியன் கையிலிருந்த சேலை மூட்டையைக் கீழே வைத்தாள். முகத்தில் இரத்தமே இல்லை. அடித்தால் நன்றாக இருக்கும் என்று அவன் நினைத்தான்.

"விட்டுருவாங்கம்மா. பந்து விசயந்தான்னு புரிஞ்சுக்கிட்டாரு. அர்ஜுனன எறக்காத கோவந்தான்னு வெளக்கமா..."

"அர்ஜுனன் பேரச் சொன்னீங்களா?"

"சொன்னேம்மா. கலும்பாங்ல எப்படி ஆடுனான்னுகூட..."

லில்லியன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவங்கண்ணன் அங்கேருந்துதான் காட்டுக்குப் போனான். தம்பியையும் தேடுறாங்கன்னு தாயும் புள்ளையும் அழுதுகிட்டு இங்க வந்தாங்க. இவருதான் வேற ஊரு, வேற தகப்பன் பேரு போட்டு வேலையாளுங்க செக்ரோல்ல ஏத்துனாரு. அந்தப் பையன் ஒரு பாவமும் அறியாதவன். ரோட்டுல லோரிய நிப்பாட்டி, மூஞ்சிய மூடுன ஆள வெச்சு அடையாளம் காட்டச் சொல்றாங்களே, அதுக்குப் பயந்துதான் அவன வேலியத் தாண்டிக் கூட்டிட்டுப் போகல. சனங்க என்னத்த வேணும்னாலும் ஏசட்டும், புள்ள உசுரோட இருக்கட்டும்னாரு. அங்க அடிச்சுக் கேட்டப்பகூட இதச் சொல்லியிருக்க மாட்டாரு."

நல்லசாமி திரும்பித் திடலைப் பார்த்து ஓடினான். மாலை நாலரை மணி. ஆட்டக்காரப் பையன் பெர்னாட் கோலுக்குள் நிற்க, அர்ஜுனன் தூரத்திலிருந்து பந்தை அடித்துப் பழகிக்கொண்டிருந்தான்.

நல்லசாமி அவனைத் தனியே இழுத்துப்போய் மூச்சிரைக்கச் சொன்னான். சொல்லி முடித்ததும், "ஓடிருடா" என்றான்.

அர்ஜுனன் வேலியைப் பார்த்தான். வேலிக்கு அப்பால் ரப்பர் மரங்கள், அதற்கும் அப்பால் காடு.

"அங்கதாண்ணே ஓடணும். ஓடிட்டா அவங்க நெனக்கிறது நெசமாயிரும். எங்கண்ணன் அப்படித்தான் போனான்."

"அப்ப ஏண்டா ஆட வந்த? முடியாதுன்னு இருந்திருக்கலாமே!"

"முடியாதுன்னா ஏன்னு கேப்பீங்க. நீங்க எல்லாருந்தானே வந்து கூப்புட்டீங்க?" என்ற அர்ஜுனன், கொஞ்சம் பொறுத்துச் சொன்னான்: "எனக்கும் ஆசையா இருந்துச்சுண்ணே."

பிரதான கேட்டில் ஜீப் ஹாரன் கேட்டது. அர்ஜுனன் புல்லில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தான். இரண்டையும் கழற்றி, மண்ணைத் தட்டி, நல்லசாமியிடம் நீட்டினான்.

"தோட்டத்து பூட்ஸு. அங்க கொண்டு போனா திரும்பி வராது. ஜூலியஸ்கிட்ட குடுத்துருங்க, அவனுக்கும் இதே அளவுதான்."

பிறகு எழுந்து, "அம்மா பாக்கிற மாதிரி வூட்டு வாசலுக்கு ஜீப்பு வர வேணாம்" என்று சொல்லிவிட்டுக் கேட்டைப் பார்த்து நடந்தான். பெர்னாட் ஒன்றும் புரியாமல், பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே போகிறாய் என்று பின்னாலிருந்து கூப்பிட்டான். நல்லசாமி பூட்ஸை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான். அதற்குள் இன்னும் சூடு இருந்தது.