கியர் விழ ஏழு விநாடி

வண்டியில் ஒரு குறையும் இல்லையாம். ஒர்க்‌ஷாப் மெக்கானிக் மூன்றாவது முறையாக எழுதிக் கொடுத்துவிட்டார், அதுவும் அடியில் கோடு போட்டு. டிரைவரம்மாவுக்கு வந்ததே கோபம்! தாளை நாலாக மடித்து அவர் மேசையிலேயே வைத்தாள்.

"அண்ணே, திங்கக்கிழமை நான் மேனேஜர் முன்னாடி நிக்கணும். இந்தத் தாளோட போனா, அதோட என் டிரைவர் வேலைக்கு முழுக்குதான்."

வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கும் நோயாளிகளுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் கொண்டுபோய்க் கொடுக்கிற கம்பெனி அது; ஒர்க்‌ஷாப்பும் அதனுடையதே. ஆறு வருஷமாக அந்த பிக்கப் வண்டி அவள் கையில். ஒரு கீறல் விழுந்ததில்லை. ஒன்பது நாளைக்கு முன் காலை முதல் லோடு ஏற்ற, சரக்கு மேடையை நோக்கி ரிவர்ஸ் கியர் போட்டாள். ஆட்டோமேட்டிக் வண்டி, போட்டதும் நகர வேண்டும். நகரவில்லை. பிறகு என்ன நினைத்ததோ, ஒரே பாய்ச்சலாகப் பின்னால் பாய்ந்து மேடையில் மோதி நின்றது.

பின்னால் நின்று கை காட்டிக்கொண்டிருந்த லோடுமேன் வேறு யாருமில்லை, அவள் கொழுந்தன். அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவள்தான். விலகிக் குதித்தானோ, பிழைத்தானோ! கணுக்கால் பிசகியதோடு போயிற்று. ஆனால் ஒரே வீட்டில், ஒரே அடுப்படியில், அவன் பெண்டாட்டி ஒன்பது நாளாக இவளோடு பேசவில்லை. அதுவரை 'அக்கா, அக்கா' என்று வாய் ஓயாமல் கூப்பிட்டவள், சாப்பாட்டுத் தட்டைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போகிறாள். நாலு வார்த்தை திட்டித் தொலைத்தாலாவது தேவலை.

மெக்கானிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ அவசரக்காரிம்மா. கியர் விழறதுக்குள்ள ஆக்ஸிலேட்டர மிதிச்சிருப்ப."

"நான் மிதிக்கவே இல்ல! ஒரு மாசமா காலைல முதல் தடவை மட்டும்தான் இப்படிப் பண்ணுது. ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடந்தா மட்டும்."

"ரெண்டு ராத்திரி இங்கதானே கிடந்துச்சு? காலைல வந்ததும் நானே போட்டுப் பாத்தேன். டக்குனு விழுது. கண்ணுல விளக்கெண்ணெய விட்டுப் பாத்தாச்சும்மா. அவ்வளவுதான்."

அவ்வளவுதானாமே! மறுநாள் சனிக்கிழமை, பொழுது சரியாக விடியுமுன் அவள் ஒர்க்‌ஷாப் வாசலில் இருந்தாள். வண்டி பொய் சொல்கிறதா, மனிதர் பொய் சொல்கிறாரா, இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்ற முடிவோடு வந்திருந்தாள்.

பார்த்தால், வாட்ச்மேன் கதவைத் திறந்தார். சாவிக் கொத்தை எடுத்தார். உள்ளே கிடந்த வண்டிகளை ஒவ்வொன்றாகக் கிளப்பி, வெளி முற்றத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். பிறகு குழாயைத் திறந்துவிட்டுத் தரையைக் கழுவ ஆரம்பித்தார்.

"என்னண்ணே பண்றீங்க?"

"தெரியலையா? தரை கழுவறேன். எண்ணெய்ப் பிசுக்குல மெக்கானிக் வழுக்கி விழுந்தா யார் தூக்கறது? தெனமும் எல்லா வண்டியையும் வெளிய எடுத்துட்டுத்தான் கழுவுவேன்."

அவள் தன் வண்டியைத் திரும்பிப் பார்த்தாள். "என் வண்டியையுமா?"

"அந்தச் சோம்பேறியா! கியரப் போட்டுட்டு ஒரு கொட்டாவி விட்டு முடிச்சாத்தான் நகருது. இன்னைக்கும் அப்படித்தான்."

"அடப்பாவமே! இத மெக்கானிக்கிட்ட சொல்லக் கூடாதா?"

"என்கிட்ட யாரு கேட்டா?"

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மெக்கானிக் வருவதற்குள் தினமும் வண்டி ஒருமுறை நகர்ந்து, சூடேறி, சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளையாகிவிடுகிறது. அவர் பார்த்ததும் பொய்யில்லை, இவள் சொன்னதும் பொய்யில்லை.

அன்று மாலை சாவியைக் கொத்திலிருந்து கழற்றித் தன்னிடம் வைத்துக்கொண்டாள். வாட்ச்மேன் அந்த வண்டியைச் சுற்றித்தான் கழுவ வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டாள். "ஞாயித்துக்கிழமையும் நிம்மதியில்லையா?" என்று முணுமுணுத்தாலும் மெக்கானிக் மறுநாள் காலை ஆறரைக்கே வந்துவிட்டார். அவள் கூப்பிடாமலே கொழுந்தனும் நொண்டிக்கொண்டு வந்து, வண்டிக்குப் பக்கவாட்டில், நன்றாகத் தள்ளி நின்றான். அவ்வளவு தள்ளி அவன் நிற்பதைப் பார்க்க அவளுக்கு வலித்தது.

ஏறி உட்கார்ந்தாள். பிரேக்கை அழுத்திக்கொண்டு இன்ஜினைக் கிளப்பினாள். ரிவர்ஸ் போட்டாள். ஜன்னலோரம் மெக்கானிக் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

வண்டி கம்மென்று இருந்தது. நாலு, ஐந்து என்று வரும்போது அவர் குரல் இறங்கிக்கொண்டே போயிற்று. ஏழில் 'தக்'கென்று ஒரு சின்னக் குலுக்கல். கியர் விழுந்துவிட்டது.

"அட, ஆமாம்மா!" என்றார் மெக்கானிக்.

ஜெயித்தவள் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். அவளோ ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். மெதுவாகப் பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள். வண்டி நடக்கிற வேகத்தில் பின்னால் ஊர்ந்தது. மறுபடி மிதித்தாள், நின்றது. அவ்வளவுதான். பாயவில்லை. தானாகப் பாய்கிற வண்டியே இல்லை இது.

அப்படியானால் அன்றைக்குப் பாய்ந்தது எதனால்? அவள் வலது காலுக்குத் தெரிந்திருந்தது. நகரவில்லையே என்ற எரிச்சலில், முதல் வீட்டுக்கு நேரமாகிறதே என்ற பதற்றத்தில், அந்தக் கால் பிரேக்கை விட்டு ஆக்ஸிலேட்டருக்குப் போய் நன்றாகவே அழுத்தியது. இத்தனை நாளாக 'மிதிக்கவே இல்லை' என்று அடித்துப் பேசியிருக்கிறாள். பேசிப் பேசித் தானே நம்பியும்விட்டாள்.

மெக்கானிக் வண்டியைத் தூக்கி நிறுத்திக் கியர்பெட்டியின் அடித்தட்டைக் கழற்றினார். எண்ணெய் அளவு சரியாகத்தான் இருந்தது. ஃபில்டரை உருவியதும் அதன் கழுத்து இறங்கும் துளைக்குள் விரலை விட்டு, இரண்டு ரப்பர் வளையங்களை எடுத்தார். ஒன்று புதுசு, நசுங்கிக் கோணிப்போயிருந்தது. இன்னொன்று பழசு, காய்ந்து கட்டையாகிவிட்டிருந்தது.

"ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ஃபில்டர் மாத்தினது நான்தான்," என்றார் தரையைப் பார்த்தபடி. "பழைய வளையத்த எடுக்காமலே புதுச அதுமேல திணிச்சிருக்கேன். சரியா உக்காரல. ராத்திரியில எண்ணெய் கீழ இறங்கிடுது. காலைல பம்ப் முதல்ல காத்தத்தான் உறிஞ்சுது. எண்ணெய் ஏறின பிறகுதான் கியர் பிடிக்குது."

அவர் வளையங்களைக் கந்தல் துணியில் சுற்றினார். குரலைத் தணித்துக்கொண்டார். "ஒண்ணு செய்வோம். ரப்பர் தேஞ்சு போச்சு, அதனால வண்டி தானாவே பாஞ்சிருச்சுன்னு எழுதிடறேன். நீயும் தப்பிச்ச, நானும் தப்பிச்சேன். யாருக்கு என்ன நஷ்டம்?"

கொழுந்தன் அவளைப் பார்த்தான்.

அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள் என்பது உண்மை. ஆறு வருஷம் ஓட்டிய வண்டி, லேசில் விட்டுவிட முடியுமா? ஆனால் வண்டியின் குறையைக் கண்டுபிடிக்க இந்தப் பாடு பட்டுவிட்டுத் தன் குறையைத் துணியில் சுற்றி வைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"கியர் விழ ஏழு விநாடி ஆச்சுன்னு எழுதுங்க. ஏன் ஆச்சுன்னு நீங்க எழுதுங்க. அந்த நேரத்துல நான் ஆக்ஸிலேட்டர மிதிச்சேன்னு நான் எழுதறேன்."

"உனக்கென்ன கிறுக்கா? மிதிக்கலன்னு அந்தச் சண்டை போட்ட!"

"போட்டேன். மிதிச்சிருக்கேண்ணே. இப்பத்தான் தெரிஞ்சுது."

அவர் பேனாவைத் திருகினார். பிறகு தன் பங்கை ஒளிவு மறைவில்லாமல் எழுதினார். அவள் கீழே தன் வரியை எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

திங்கட்கிழமை மேனேஜர் அதை இரண்டு தடவை படித்தார். மெக்கானிக்குக் கண்டிப்பு. அவளுக்கு இரண்டு மாதம் சிலிண்டர் கட்டுகிற பிரிவு. அதன்பின் ஓட்டிக் காட்டினால் திரும்பவும் வண்டி. சரி என்றாள்.

வெளியே படிக்கட்டில் கொழுந்தன் காத்திருந்தான். அவள் அவனுக்கு எதிரே போய் நின்றாள்.

"உன்னக் கொல்லப் பாத்தேன் தம்பி. வண்டி மேல பழியப் போட்டுட்டுத் திரிஞ்சேன்."

"தெரியும் அண்ணி. இன்ஜின் உறுமினது பின்னாடி நின்ன எனக்குக் கேக்காதா?"

"அப்புறம் ஏன் யார்கிட்டயும் சொல்லல? என்கிட்டயாவது நேரா கேட்டிருக்கலாமே!"

"நான் சொன்னா உங்க வேலை போயிடும். அதான் வாயத் திறக்கல." அவன் பிசகிய காலை மெல்லக் கீழ்ப்படியில் வைத்தான். "ஆனா நீங்களா சொல்லாட்டி, இனிமே உங்க வண்டிக்குப் பின்னாடி நிக்க எனக்குத் தைரியம் வந்திருக்காது. வேற வேலை பாக்கலாம்னுதான் இருந்தேன்."

"இப்போ?"

"ரெண்டு மாசம் போகட்டும்," என்றான். "நிப்பேன்."