முந்நூறு மீட்டரில் ஒரு தண்ணீர்த் தொட்டி

1

இந்தக் கதை ஒரு வகுத்தல் கணக்கிலிருந்து வந்தது. துப்பாக்கித் தொலைநோக்கியின் கண்ணாடியில் சீரான இடைவெளியில் புள்ளிகள் இருக்கும். பொருளின் உயரத்தை ஆயிரத்தால் பெருக்கி, அது எத்தனை இடைவெளியை அடைக்கிறதோ அந்த எண்ணால் வகுத்தால் தூரம் கிடைக்கும். உயரம் தெரியாவிட்டால் ஒன்றும் கிடைக்காது.

(இங்கே துக்கத்தைப் பற்றி ஓர் உவமை இருந்தது. அடித்துவிட்டேன். என் மனைவி இருந்திருந்தால் எழுதவே விட்டிருக்க மாட்டாள்.)

2

முதல் தொடக்கம்: பெங்களூர் பீன்யா தொழிற்பேட்டையில் மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு

வேண்டாம்.

இரண்டாவது: இளங்கோவன் தொலைநோக்கித் தொழிற்சாலையில் பரிசோதகன். மனைவி கிருத்திகா இறந்து, காரியங்கள் முடிந்து, அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தான். மொட்டை மாடியில் நின்று, முந்நூறு மீட்டர் தள்ளி ஒரு கட்டடத்தின் மேலிருக்கும் தண்ணீர்த் தொட்டியைப் பார்ப்பதுதான் சோதனை. தொட்டியின் உயரம் ஒன்றரை மீட்டர். ஐந்து இடைவெளியை அடைக்க வேண்டும். நான்கைத்தான் அடைத்தது. கணக்குப் போட்டால் முந்நூற்று எழுபத்தைந்து. வேறொன்றை எடுத்தான். அதிலும் நான்கு. போன மாதம் தேறிய பழையதிலும் நான்கு.

"தொட்டி தும்கூருக்குக் கெளம்பிடுச்சா மகா?" என்றான் கூட வேலை செய்யும் டென்சில். கூட்டாளிகள் எல்லோரும் அவனுக்குக் கன்னட 'மகா'தான். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

3

மேற்பார்வையாளர் வீணாவை முதல் பிரதியில் கெட்டவளாக எழுதியிருந்தேன். கதை வேகமாக ஓடியது. ஆனால் பொய்.

"இளங்கோ, கண்ணு செவந்து கெடக்கு. இன்னும் ஒரு வாரம் வீட்ல இருங்க. லீவுக்கு நானே போட்டுட்டேன்."

"வேணாம் மேடம். பேக்கிங்ல போட்டாக்கூடப் பரவால்ல. இங்கயே இருக்கேன்."

வீட்டில் படுக்கையறைச் சுவர் பாதி மஞ்சள், பாதி வெள்ளை. கிருத்திகா தானே பூச ஆரம்பித்து

இதை அவன் வீணாவிடம் சொல்லவில்லை.

4

டென்சிலும் பார்த்தான். அவனுக்கும் நான்கு. பைக்கை எடுத்துக்கொண்டு அந்தக் கட்டடத்துக்கே போனான். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

"மகா, இது வேற டேங்க்! பழசு ஒடஞ்சுபோச்சாம். நீ லீவுல இருந்தப்ப மாத்திருக்காங்க. அதே கறுப்பு, ஆனா சின்னது. டேப் வச்சுப் பாத்தேன், ஒன்னு புள்ளி ரெண்டுதான் ஒசரம். உன் கண்ணுக்கு ஒன்னும் ஆவலடா!"

இளங்கோவன் மனத்துக்குள் வகுத்தான். முந்நூறு.

5

இங்கேயே முடித்திருக்கலாம். கண் தேறியது, தொலைநோக்கிகளும் தேறின. ஆனால் வீணா மாடிக்கு வந்துவிட்டாள்.

"சாரி இளங்கோ. லீவு அப்ரூவ் ஆயிடுச்சு. கேன்சல் பண்ணிடட்டுமா? இல்ல, இருக்கட்டுமா? நீங்க சொல்றதுதான்."

காலையில் என்றால் அவள் கேட்டு முடிக்கும் முன்பே சொல்லியிருப்பான். இப்போது அவனை யாரும் அனுப்பவில்லை. போவதென்றால் அவனேதான் போக வேண்டும்.

'கேன்சல் பண்ணிடுங்க' என்று எழுதினேன். அடித்தேன். 'இருக்கட்டும் மேடம்' என்று எழுதினேன். அதையும் அடித்தேன். இதற்கு மேல் நான் அவனுக்காகப் பேசக் கூடாது.

வீணா அவசரப்படுத்தவில்லை. உங்களுக்கு ஏதாவது தோன்றினால் அவனிடம் சொல்லுங்கள். சத்தமாக வேண்டாம், பக்கத்தில்தான் நிற்கிறான்.